ராடார் முதல் மில் டிரைவ் வரை: எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் தொழிலுக்கு முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் என்றதும் நம் ஊரில் மொபைல் கடையும் டிவி மெக்கானிக்கும்தான் நினைவுக்கு வரும். அதைத் தாண்டி இந்தத் தொழில் மிகப் பெரியது. சூலூரில் விமானப்படையின் 5 பேஸ் ரிப்பேர் டிப்போ, விசாகப்பட்டினத்திலும் மும்பையிலும் கடற்படையின் கப்பல் பட்டறைகள், ஆக்ராவிலும் பெங்களூருவிலும் தரைப்படையின் பேஸ் ஒர்க்‌ஷாப்கள், ஆவடியில் டாங்கி தொழிற்சாலை என்று ஒரு பக்கம். கோவையின் ஸ்பின்னிங் மில்கள், திருப்பூரின் நிட்டிங் ஆலைகள், ஓசூரின் சிஎன்சி பட்டறைகள், ஊருக்கு ஊர் மருத்துவமனைகள் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் தேடுவது ஒரே மாதிரி ஆளைத்தான். கெட்டுப்போன போர்டைப் பார்த்து எது போயிருக்கிறது, ஏன் போனது என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். பாகத்தைக் கழற்றி மாட்ட எத்தனையோ பேர் கிடைக்கிறார்கள், காரணம் சொல்பவர்தான் கிடைப்பதில்லை. சம்பளமும் மரியாதையும் அந்தக் காரணத்தைச் சொல்பவருக்குத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள ஒவ்வொரு படியையும் படியுங்கள்.

இரண்டு பக்கமும் எப்படி வேலை செய்கின்றன

ராணுவத்தில் பழுதுபார்ப்பு பொதுவாக மூன்று அடுக்காக நடக்கும். முன்களத்தில் இருப்பவர் பெட்டியைத் திறப்பதே இல்லை. கருவிக்குள்ளேயே இருக்கும் சுயபரிசோதனை எந்தப் பெட்டி கெட்டது என்று காட்டும், அதைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடுவார். அடுத்த அடுக்கு யூனிட் ஒர்க்‌ஷாப். அங்கே பெட்டிக்குள் இருக்கும் கார்டை மாற்றுவார்கள். கடைசி அடுக்கான டிப்போவில்தான் அந்தக் கார்டில் உள்ள ஐசி, கெப்பாசிட்டர் வரை இறங்கிப் பார்ப்பார்கள். உங்களுக்குப் பிடித்தது நுணுக்கமான போர்டு வேலை என்றால் டிப்போவையும் பேஸ் ஒர்க்‌ஷாப்பையும் குறிவையுங்கள். சீருடை போட்டவர்கள் எல்லோரும் சால்டரிங் அயர்ன் பிடிப்பதில்லை என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வெளியில் இந்த அடுக்கெல்லாம் கிடையாது. மில்லில் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) நின்றால் அது நேராக உங்கள் மேசைக்கு வரும். அரை மணிக்கு ஒருமுறை "என்னாச்சு சார்" என்று மேனேஜரின் போனும் வரும். அங்கே வேகம்தான் எல்லாம். ராணுவத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு: எந்தப் பாகத்தை, எந்தக் கையேட்டின்படி, யார் மாற்றினார்கள், யார் சரிபார்த்தார்கள்?

பாகங்களிலும் வித்தியாசம் உண்டு. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஐசி 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தொழிற்சாலைத் தரம் மைனஸ் 40 முதல் 85 வரை. ராணுவத் தரம் மைனஸ் 55 முதல் 125 வரை. கால் வரிசை ஒன்றுபோல் இருக்கிறதே என்று ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போட்டால் மேசையில் ஓடும், லடாக்கில் ஓடாது. இந்தியாவில் ராணுவக் கருவிகளின் சூழல் சோதனைகளுக்கு ஜேஎஸ்எஸ் 55555 என்ற தரநிலை உண்டு. வெப்பம், ஈரம், அதிர்வு, உப்புப் புகை எல்லாம் அதில் வரும். அமெரிக்கர்களின் மில்-எஸ்டிடி-810 அதே வகையைச் சேர்ந்தது. இந்தப் பெயர்கள் நேர்முகத் தேர்வில் காதில் விழும்.

முதல் படி: படிப்பு

பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐ-யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் டிரேடு, 2 ஆண்டு. இந்தத் தொழிலுக்கு நேரான வாசல் இதுதான். இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் டிரேடும் நல்ல தேர்வு, ஆலைகளில் அதற்கு எப்போதும் இடம் இருக்கிறது. டிப்ளமோ என்றால் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தொலைத்தொடர்பு), இஐஇ (எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன்) அல்லது இஇஇ (மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ்), 3 ஆண்டு. ஐடிஐ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையும் பழகும், சான்றிதழும் கிடைக்கும் என்பதால் வசதி உள்ளவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

பொறியியல் பட்டம் கட்டாயம் இல்லை. பட்டம் இருந்தால் அதிகாரி, டிசைன் போன்ற வேறு கதவுகள் திறக்கும். பெஞ்சில் உட்கார்ந்து பழுது பார்க்க விரும்புகிறவருக்கு ஐடிஐ-யும் அப்ரென்டிஸும் போதும்.

இரண்டாம் படி: அப்ரென்டிஸ்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாத படி இது. 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி ஐடிஐ முடித்தவர்களையும் டிப்ளமோ முடித்தவர்களையும் நிறுவனங்கள் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சிக்கு எடுக்கின்றன. டிப்ளமோ, டிகிரி முடித்த தென்னிந்திய மாணவர்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. விசாகப்பட்டினம், மும்பை கடற்படைப் பட்டறைகளும் கொச்சி, கார்வார் கப்பல் பழுதுபார்க்கும் தளங்களும் எலக்ட்ரானிக் மெக்கானிக் டிரேடில் அப்ரென்டிஸ் எடுக்கின்றன. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குச் சென்னை நந்தம்பாக்கத்திலேயே ஒரு யூனிட் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் டெக்னீஷியன் வேலைக்கு ஐடிஐ-யோடு ஓராண்டு அப்ரென்டிஸும் கேட்பது வழக்கம். அந்த ஓராண்டை வெறும் சான்றிதழாக நினைத்து வீணாக்காதீர்கள். பழைய டெக்னீஷியன் ஒருவர் அலைக்காட்டியில் (ஆஸிலோஸ்கோப்) எந்த இடத்தில் முதலில் புரோபை வைக்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனித்தாலே பாதித் தொழில் வந்துவிடும்.

மூன்றாம் படி: சீருடையா, சிவிலியனா?

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு படைவீரர் சேர்க்கை கிட்டத்தட்ட முழுவதும் அதன் வழியாகத்தான். பணிக்காலம் 4 ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டு 40,000 ஆகும். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்கு (பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் தொகை) பிடித்தம் போகும். 4 ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரமாகத் தொடர முடியும். இந்தக் கணக்கைப் பெற்றோரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசிவிட்டு முடிவெடுங்கள். நிரந்தரம் கிடைக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். 4 ஆண்டில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, கையில் கொஞ்சம் முதலோடு வெளியே வருகிறேன் என்று திட்டமிட்டுப் போனால் ஏமாற்றம் இருக்காது. பாதுகாப்புத் துறையின் சிவிலியன் இடங்களில் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு என்றும் 2022-இல் அறிவித்திருக்கிறார்கள்.

விமானப்படைக்கு பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், ஆங்கிலத்தோடு 50 சதவீதம் வேண்டும், அல்லது எலக்ட்ரானிக்ஸ் போன்ற பிரிவில் 3 ஆண்டு டிப்ளமோ. தரைப்படையில் அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவு. அங்கே பழுதுபார்ப்பு முழுவதும் இஎம்இ என்ற படைப்பிரிவின் பொறுப்பு. 1943-இல் தொடங்கிய அந்தப் பிரிவுக்குச் செகந்திராபாத்தில் கல்லூரியும் வதோதராவில் பயிற்சிப் பள்ளியும் உண்டு. கடற்படையில் மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ் பயிற்சிக்கு ஜாம்நகரில் உள்ள ஐஎன்எஸ் வல்சுரா. வயது வரம்பையும் மதிப்பெண்ணையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அவை மாறிக்கொண்டே இருக்கும்.

சீருடை இல்லாமலும் இதே வேலையைச் செய்யலாம். பேஸ் ஒர்க்‌ஷாப்புகளிலும் கப்பல் பட்டறைகளிலும் சிவிலியன் டெக்னீஷியன்கள் ஏராளம். விமானப் பக்கம் போக வேண்டும் என்றால் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரும் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் பி2 பிரிவு முழுக்க ஏவியானிக்ஸ், அதாவது விமான எலக்ட்ரானிக்ஸ்தான். படிப்புச் செலவு அதிகம், தேர்வும் கடினம். ஆனால் அந்த உரிமத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

நான்காம் படி: கையைப் பழக்குவது

இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

முதலில் நிலைமின்சாரம். உடலில் சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நமக்குச் சுரீரென்று தெரியும். சில மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களின் கேட்டைக் கெடுக்க 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும். அதாவது உங்களுக்குத் தெரியாமலேயே பாகத்தைக் கொன்றிருப்பீர்கள். அதைவிட மோசம், பாதி கெட்ட பாகம் இன்று ஓடிவிட்டு மூன்று மாதம் கழித்து நிற்பது. உடலில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, அதன் வயரில் உள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர் சரியாக இருக்கிறதா என்று தினமும் மீட்டரில் பாருங்கள். அந்த ரெசிஸ்டர் இருப்பது உங்கள் உயிருக்காக. அதை ஷார்ட் செய்து கட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து சால்டரிங். 63/37 ஈய சால்டர் 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத எஸ்ஏசி305 உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் ஈயத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது ராணுவ, விண்வெளிக் கருவிகளை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஈயம் சேராத தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் முடிபோல மெல்லிய உலோக இழைகள் முளைத்துப் பக்கத்துக் காலைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். பல ஆண்டுகள் ஓட வேண்டிய கருவியில் இது பெரிய ஆபத்து. அதனால் போர்டில் எந்த சால்டர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதே வகையைப் போடுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். டிப்பை 2, 3 விநாடிக்கு மேல் வைக்க வேண்டியிருந்தால் சூட்டைக் கூட்டாதீர்கள். டிப் தேய்ந்திருக்கும், சின்னதாக இருக்கும், இல்லை ஃபிளக்ஸ் போதாமல் இருக்கும்.

ஐபிசி என்ற அமைப்பின் சான்றிதழ்கள் இந்தத் துறையில் உலகம் முழுவதும் செல்லும். எது நல்ல சால்டர் ஜாயின்ட் என்று சொல்வது ஐபிசி-ஏ-610. கெட்ட போர்டை எப்படிச் சரிசெய்வது என்று சொல்வது ஐபிசி 7711/7721. ஐபிசி தரநிலைகளில் கிளாஸ் 1, 2, 3 என்று தரம் பிரித்திருப்பார்கள். பொம்மை, டார்ச் லைட் எல்லாம் கிளாஸ் 1. நின்றால் உயிர் போகும் கருவி கிளாஸ் 3. துளை வழியாக வரும் காலில் சால்டர் குறைந்தது 75 சதவீத ஆழம் நிரம்பியிருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். சான்றிதழ் 2 ஆண்டுதான் செல்லும். காசு இருந்தால் 7711/7721-ஐ முதலில் எடுங்கள். பழுதுபார்ப்பவருக்கு அதுதான் நேரடியாகப் பயன்படும்.

இனி பழுது கண்டுபிடிப்பது. மில்லில் இருந்து வந்த 15 எச்பி டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பவர் கொடுத்ததும் பிரேக்கர் ட்ரிப் ஆகிறது என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

மூடியைத் திறந்ததும் கை வைக்காதீர்கள். 415 வோல்ட் மூன்று ஃபேஸை ரெக்டிஃபை செய்தால் உள்ளே டிசி பஸ்ஸில் சுமார் 585 வோல்ட் நிற்கும். பவரை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது இருக்கும். பத்து நிமிடம் விட்டு, டிசி பஸ்ஸின் இரு முனைகளான பி, என் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். சரி, அப்புறம் மீட்டரை டயோடு மோடில் போடுங்கள். சிவப்பு முனையை என் டெர்மினலில் வைத்து, கறுப்பு முனையை மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ மூன்றிலும் வைத்துப் பாருங்கள். மூன்றும் 0.3 முதல் 0.6 வரை ஒரே மாதிரி காட்ட வேண்டும். அடுத்து கறுப்பை பி-யில் வைத்துச் சிவப்பை மூன்றிலும் வையுங்கள், அதே அளவு வர வேண்டும். வி மட்டும் பூஜ்யம் காட்டினால் அந்தக் காலின் ஐஜிபிடி (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் பவர் டிரான்சிஸ்டர்) ஷார்ட். உள்ளீட்டு ஆர், எஸ், டி பக்கமும் இதே சோதனைதான். இவ்வளவும் பவர் கொடுக்காமலே தெரிந்துவிடும்.

இங்கே பலர் ஐஜிபிடி மாட்யூலை மட்டும் வாங்கி மாட்டுவார்கள், போட்ட உடனே அதுவும் வெடிக்கும். ஐஜிபிடி போகும்போது அதைத் தட்டி ஓட்டும் கேட் சர்க்யூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். கேட் ரெசிஸ்டர், ஜீனர், ஆப்டோகப்ளர் மூன்றையும் பாருங்கள். ஆறு கேட் சர்க்யூட்டும் ஒரே மாதிரி இருப்பதால் சர்க்யூட் டயகிராம் இல்லாமலே ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் கெட்டதைப் பிடிக்கலாம். அதன் பிறகும் வேலை முடியவில்லை. ஏன் போனது? ஹீட்சிங்கைப் பாருங்கள். மில் டிரைவ் என்றால் பெரும்பாலும் துடுப்புகளுக்கு இடையில் பஞ்சு அடைத்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும். மோட்டாரின் இன்சுலேஷனை மெக்கரில் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் டிரைவிலிருந்து வயரைக் கழற்றிய பிறகு. மாட்டியபடியே மெக்கர் வைத்தால் புதிய மாட்யூலும் போய்விடும். முதல் தடவை பவர் கொடுப்பது சீரீஸ் லாம்ப் (சப்ளையோடு தொடராகக் கோத்த பல்பு) வழியாக. லாம்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பிறகு சின்ன மோட்டாரில் ஓட்டி, கடைசியில் லோடு கொடுங்கள்.

ராணுவ டிப்போவில் ரேடியோ செட் வந்தாலும் இதே வரிசைதான்: பவர் இல்லாமல் சோதனை, ஒப்பீடு, காரணம், கட்டுப்பாட்டோடு பவர், லோடு. நீளமான சங்கிலியாக இருக்கும் ரிசீவர் போன்ற சர்க்யூட்டில் நடுவில் சிக்னலைப் பார்த்து, பாதியைக் கழித்துவிட்டு மீதிப் பாதியை மறுபடி பாதியாக்கிப் போனால் எட்டு நிலைகள் இருந்தாலும் மூன்றே சோதனையில் இடத்துக்கு வந்துவிடலாம்.

சின்ன போர்டுகளில் 3.3 வோல்ட் லைன் ஷார்ட் என்றால் இன்னொரு வழி. பெஞ்ச் சப்ளையில் 1 வோல்ட் வைத்து, கரன்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் தொடங்கி அந்த லைனில் கொடுங்கள். போர்டின் மேல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவினால், எந்த இடத்தில் முதலில் காய்கிறதோ அங்கேதான் சூடு. நூறு கெப்பாசிட்டரில் கெட்ட ஒன்று இப்படிச் சிக்கிவிடும். தெர்மல் கேமரா வாங்க வசதி வரும்வரை இது போதும்.

பெரிய மின்னழுத்தமும் நச்சும்

ராடாரில் கிலோவோல்ட் கணக்கில் இருக்கும். தேங்கிய மின்சாரத்தை இறக்கும் டிஸ்சார்ஜ் ராட் இல்லாமல், பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. பழைய உயர் அதிர்வெண் பவர் டிரான்சிஸ்டர்கள் சிலவற்றின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடு. அது உடையாதவரை ஒன்றும் செய்யாது. உடைத்து, அரத்தால் தேய்த்து, தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குத் தீராத நோய். ஸ்கிராப்பில் வாங்கிய பழைய டிரான்ஸ்மிட்டர்களிலும் இது வரும். ஈய சால்டர் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது, ஃபிளக்ஸ் புகையை இழுக்க ஒரு சின்ன ஃபேனாவது மேசையில் வேண்டும்.

ஐந்தாம் படி: பதிவேடும் ரகசியமும்

ராணுவப் பெஞ்சில் கருவிகளின் வடிவத்தையே பலகையில் வெட்டி வைத்திருப்பார்கள். மாலையில் ஒரு இடம் காலியாக இருந்தால் அந்த ஸ்க்ரூடிரைவர் கிடைக்கும்வரை விமானம் பறக்காது. மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் அது எங்கிருந்து வந்தது என்ற தாள் இருக்கும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2012-இல் அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு வெளியிட்ட அறிக்கையில், போலி என்று சந்தேகிக்கப்பட்ட பாகங்கள் ராணுவக் கருவிகளுக்குள் வந்த சுமார் 1,800 சம்பவங்கள் இருந்தன. பழைய ஐசி-யின் மேற்பரப்பைத் தேய்த்து, புதிய எண் அச்சடித்து விற்பதுதான் அதில் வழக்கமான முறை. சந்தையில் ஐசி வாங்கும்போது பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேலே துடைத்துப் பாருங்கள். கறுப்பு மை கழன்று வந்தால் அதைப் போர்டில் ஏற்றாதீர்கள்.

ரகசியத்தில் விளையாட்டே வேண்டாம். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் சிவிலியனுக்கும் பொருந்தும். போர்டு, லேபிள், மேசை எதையும் படம் எடுக்காதீர்கள், பழுதைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். வெளியே வந்த பிறகு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும் கருவியின் பெயர், எண்ணிக்கை, இடம் எதுவும் வேண்டாம். "உயர் அதிர்வெண் டிரான்ஸ்மிட்டர்களைப் பாக அளவில் பழுது பார்த்தேன், தானியங்கிச் சோதனைக் கருவி இயக்கினேன்" என்று திறமையை மட்டும் எழுதினால் போதும். நல்ல நிறுவனம் அதற்கு மேல் கேட்காது.

ஆறாம் படி: வெளிச் சந்தையும் சொந்தக் கடையும்

படையிலிருந்து வந்தவர்களுக்கு ஒழுங்கு இருக்கும், வேகம் குறைவாக இருக்கும். கையேடு இல்லாத போர்டைப் பார்த்தால் கை நிற்கும். அவர்கள் ஓராண்டாவது ஒரு தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பது நல்லது. மொபைல், டிவி பக்கம் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கருவியின் விலையே குறைந்துகொண்டு வருகிறது, பழுதுக்கூலி எங்கே ஏறும்? டிரைவ், சர்வோ, பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி), மில் இயந்திர போர்டுகள், யுபிஎஸ், மருத்துவக் கருவிகள் என்று போங்கள். புதிதாக வாங்க லட்சக்கணக்கில் ஆகும், வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். அங்கேதான் உங்கள் கூலிக்கு இடம் இருக்கிறது.

கடை போடும்போது முதலில் வாங்க வேண்டியவை: நல்ல மல்டிமீட்டர் இரண்டு, கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளை, டெம்பரேச்சர் கன்ட்ரோல் உள்ள சால்டரிங் ஸ்டேஷன், ஹாட் ஏர், கெப்பாசிட்டரைச் சோதிக்கும் இஎஸ்ஆர் மீட்டர், இரண்டு சேனல் அலைக்காட்டி, வேரியாக் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), சோதிக்க ஒரு சின்ன மூன்று ஃபேஸ் மோட்டார். பல ஆண்டு பெட்டியில் கிடந்த டிரைவ் வந்தால் வேரியாக்கில் மெதுவாக வோல்ட்டை ஏற்றி கெப்பாசிட்டரைப் பழக்கிவிட்டுத்தான் முழு சப்ளை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி சூடு கூடினால் பாதியாகும் என்பதால், பாய்லர் பக்கத்தில் இருக்கும் பேனல்களில் மற்றவற்றுக்கு முன் இதைச் சந்தேகப்படுங்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் நாளே செய்துவிடுங்கள். பெரிய ஆலைகள் ஜிஎஸ்டி பில் கேட்கும்.

கூலியைப் பேசும்போது பாகத்தின் விலையோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். பழுது பார்த்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம், சரிசெய்வதற்கு இன்னொன்று என்று தனித்தனியாகப் பேசுங்கள். "சரியானால்தான் காசு" என்று சந்தை கேட்கும். ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியும் வரும். ஆனால் சரிசெய்ய முடியாத போர்டுக்கும் எது கெட்டது, ஏன் கெட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பழக்குங்கள். அந்தத் தாளுக்கு மேனேஜர்கள் காசு கொடுக்கத் தொடங்குவார்கள், ஏனென்றால் பேனலில் பஞ்சு அடைப்பதை யாராவது எழுதித் தந்தால்தான் முதலாளியிடம் ஃபில்டருக்குச் செலவு கேட்க முடியும். ஒவ்வொரு வேலைக்கும் ஜாப் கார்டு, வந்தபோது எடுத்த அளவுகள், மாற்றிய பாகம், வாங்கிய கடை, லோடில் ஓட்டிய நேரம் எல்லாம் எழுதி வையுங்கள். மூன்று மாத வாரண்டி கொடுங்கள். திரும்பி வரும் போர்டுக்குப் பழைய கார்டை எடுத்து, அதே பழுதா வேறு பழுதா என்று வாடிக்கையாளர் எதிரிலேயே அளந்து காட்டுங்கள். அதே பழுது என்றால் காசு வாங்காமல் சரிசெய்யுங்கள். வேறு என்றால் அந்த அளவுகளை வைத்துப் புதிய கார்டு போடுங்கள்.